தாய் ஒத்துழைக்கவில்லை

ஜூலை 14, திங்கள்

இன்று என்னை நானே கர்ப்பிணியாகப் பதிவு செய்துகொண்டேன். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மூன்றாம் மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தாமதமாக வருகிற பெண்களை சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்) வாசலிலேயே நிறுத்தி, "இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று கத்துகிறவள் நான். இன்று யார் யாரைக் கத்துவது?

பயந்துகினு இருந்தேன். வேறென்ன. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். வயது முப்பத்தேழு. ஆறு கிராமத்துக்கு நான் ஒருத்தி நர்ஸ். எத்தனை பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கை இது, ஒன்றுகூட நம்முடையது இல்லையே என்று நினைத்து நினைத்து, நினைப்பதையே விட்ட பிறகு வந்து நிற்கிறது. வெளியே சொன்னால் கலைந்துவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பாரத்தில் எழுதினேன். தாயின் பெயர்: மஞ்சுளா. பகுதி செவிலியர்: மஞ்சுளா. அதிக ஆபத்துள்ள தாயா? ஆம். காரணம்: முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதல் கர்ப்பம். சிவப்பு மையில் எழுத வேண்டும். அறுபது பேருக்கு எழுதியிருக்கிறேன், எனக்கு எழுதுவது இதுதான் முதல். பி.பி. 124/80. நல்ல பி.பி.

தடுப்பூசியையும் இடது தோளில் நானே போட்டுக்கொண்டேன். "வலிக்குதாம்மா?" என்று பழக்கத்தில் கேட்டும் விட்டேன். கூட்டிக்கொண்டிருந்த சிட்டம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 18

ஆபத்துள்ள தாயை வாரம் ஒரு முறை நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். போட்டோ எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். போட்டோவில் இருவரும் இருக்க வேண்டும்.

இருவரும்!

ஆகஸ்ட் 2

பேஜார். முதலில் தாமோதரனை எடுக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் பாவம், களத்திலிருந்து வந்து கை கழுவிவிட்டு எடுத்தார். லீலாவதி மேடம் (எனக்கு மேலே உள்ள செக்டர் நர்ஸ்) போன் செய்தார்.

"மஞ்சுளா, போட்டோல நீ மட்டும்தான் கீறே. தாய் எங்கே?"

"நான்தான் தாய் மேடம்."

"சரி, அப்ப நர்ஸ் எங்கே?"

விதி விதிதானே என்கிறார். "எதுனா பண்ணு, ரெண்டு தலை தெரியணும்."

தாமோதரன்தான் வழி கண்டுபிடித்தார். பீரோ கண்ணாடி முன்னால் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள் ஒரு மஞ்சுளா, வெளியே ஒரு மஞ்சுளா. ரெண்டு தலை. ஏற்றுக்கொண்டார்கள். வாரா வாரம் பீரோவுக்குப் போய் என்னைப் பார்த்துவிட்டு வருகிறேன். கண்ணாடியில் இருக்கிறவள் கொஞ்சம் ஊதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ஏரிக்கரைத் தெரு செவ்வந்தி இந்த மாதம் வரவில்லை. அவளுக்கும் எனக்கும் பிரசவத் தேதி மூன்று நாள் வித்தியாசம். அவளுக்கு இது இரண்டாவது. நேரே வீட்டுக்குப் போய்க் கத்தினேன். நாற்று நடப் போய்விட்டாளாம்.

"வராம இருந்தா இன்னாத்துக்கு ஆவும் தெரியுமா? பி.பி. ஏறி வலிப்பு வந்தா கொழந்தையும் இல்ல, நீயும் இல்ல!"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, போன மாசம் வந்தேன்ல. நீ கையில கட்டவே இல்லியே. அட்டையில மட்டும் எழுதி வெச்சிகீறே. நூத்திருவது எம்பதாம்."

வெயில் மண்டையைப் பிளந்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

நாட்குறிப்பில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. ஆமாம், கட்டவில்லை. ஆறு கிராமம், அறுபத்தொரு கர்ப்பிணி, ஒரு பி.பி. மிஷின், மாலை ஐந்து மணிக்குள் எல்லா எண்ணும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். போன மாதத்து எண்ணை எடுத்து, நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் போட்டுவிடுவேன். எல்லாருக்கும் இல்லை. நன்றாக இருக்கிறவர்களுக்கு மட்டும். நன்றாக இருக்கிறாள் என்று கட்டாமல் எப்படித் தெரியும் என்று கேட்காதே மஞ்சுளா, தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை பதினொன்று. மெட்டி கழலவில்லை. சோப்புப் போட்டும் கழலவில்லை. ஏழாம் மாதத்தில் கால் வீங்குவது சகஜம். இதை நான் சொல்லவில்லை, எல்லா மாமியார்களும் சொல்வார்கள், நான்தான் அவர்களோடு சண்டை போடுவேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ரெவ்யூ மீட்டிங். டாக்டர் அரவிந்தன் சின்னப் பையன், கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பட்டியலைப் படித்தார்.

"ரெட் லிஸ்ட்ல பதினாலாம் நம்பர் தாய். புதன்கிழமை ஸ்பெஷலிஸ்ட் கேம்புக்கு வரல. ஏன்?"

எழுந்து நின்றேன். "அன்னைக்கு ஊசி நாள் சார். நர்ஸால அந்தம்மாவை அனுப்ப முடியல."

"ஊசி நாளுக்கும் கர்ப்பிணிக்கும் என்னம்மா சம்பந்தம்? எந்த நர்ஸ் அது?"

"நான்தான் சார்."

"தாய் எங்கே இப்போ?"

"நின்னுகினு கீறா சார்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லீலாவதி மேடத்துக்கு மட்டும் வரவில்லை. பட்டியலில் கேம்புக்கு வராத ஒவ்வொரு தாய்க்கும் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம், பதினாலுக்கும்தான். மேஜை மேலேயே காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தேன்: "பலமுறை நேரில் வலியுறுத்தியும் தாய் ஒத்துழைக்கவில்லை."

எத்தனை வருஷமாக எழுதுகிற வரி! எழுதினால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கும் கேட்கவில்லை. முத்திரை குத்தி ஃபைலில் போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பெருநகர் நிறுத்தம் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

144/94.

மிஷின் சரியில்லை. சிட்டம்மாளை உட்கார வைத்துக் கட்டினேன். 110/70. சாப்பாடு கொண்டுவந்த தாமோதரனுக்குக் கட்டினேன். 128/82. மறுபடி எனக்கு. 146/94.

நடந்து வந்தேன், அதனால். ஊறுகாய் தொட்டுக்கொண்டேன், அதனால். லீலாவதி மேடம் போன் செய்தார், அதனால். என்னிடம் வருகிற பெண்கள் சொல்கிற சாக்கு அத்தனையும் வரிசையாக வாயில் வந்தது. "கதை விடாதே" என்று அவர்களிடம் சொல்லுவேன். என்னிடம் சொல்ல ஆளில்லை.

அட்டையில் 122/80 என்று எழுதினேன்.

செப்டம்பர் 19

150/96. எழுதியது 120/80.

நிஜத்தை எழுதினால் இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஊசி, மாத்திரை, சீக்கிரமே எடுக்க வேண்டும் என்பார்கள். எடுத்தால் ஒரு கிலோவோ ஒன்றேகாலோ. அந்த எடையில் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பேர்கூட வைத்திருக்க மாட்டார்கள். ரிஜிஸ்டரில் நான்தான் கோடு போடுவேன்.

எழுதாத வரைக்கும் அது மிஷினோட தப்பு. எழுதிட்டா என் கொழந்தையோட நம்பர் ஆயிடும்.

செப்டம்பர் 26

வாராந்திர வீட்டு வருகை. பையை மாட்டிக்கொண்டு பீரோ முன்னால் உட்கார்ந்தேன்.

தலை வலிக்குதாம்மா? இல்லை. பொய் சொல்லாதே. லேசா. கண் மங்குதா? காலையில கொஞ்சம். கொழந்தை துடிக்குதா? துடிக்குது. எத்தினி தபா? எண்ணல. ஏன் எண்ணல? எண்ணி, கொறைஞ்சிருந்தா இன்னா பண்றது?

தாமோதரன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மஞ்சு, யாராண்ட பேசிக்கினு கீறே?"

"பேஷண்டாண்ட."

"அந்தம்மா இன்னா சொல்லுது?"

"நல்லா கீதாம்."

அவர் நம்பிவிட்டார். நர்ஸ் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

காலையிலிருந்து தலை பிளக்கிறது. சப் சென்டரில் பூஜை. மிஷின் பூஜையில் இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோடு கோணலாகப் போகிறது. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

அன்று சிட்டம்மாள் விடியலிலேயே சப் சென்டரைக் கழுவி, மேஜையில் மஞ்சள் துணி விரித்து, எங்கள் ஆயுதங்களை எல்லாம் அடுக்கிவிட்டாள். எடை பார்க்கும் மிஷின், ஊசி வெட்டும் டப்பா, ஃபிரிட்ஜ் சாவி, நடுநாயகமாக பி.பி. மிஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பி.பி. மிஷினுக்கு மட்டும் கதம்ப மாலை. கற்பூரம் காட்டியாயிற்று. பொரி வாங்க செவ்வந்தி வந்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு. கையில் அட்டை. நான் கத்தியது நினைவிருந்து கொண்டுவந்திருக்கிறாள்.

நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். எனக்கு ரெண்டு செவ்வந்தி தெரிந்தாள்.

"இன்னாக்கா மூஞ்சி இப்பிடி ஊதிக்கினு கீது?" என்றாள். பிறகு விரலை நீட்டி ஆரம்பித்தாள். என் விரல், என் ராகம், அப்படியே. "தலை வலிக்குதா? கண்ணு மங்கலா கீதா? நெஞ்சுக்குழி வலிக்குதா? மூணுல ஒண்ணு இருந்தாலும் ஒடனே கெளம்பணும்னு நீதானே சொல்லுவே? எத்தினி கீது?"

"மூணும்," என்றேன்.

அவள் நேரே மேஜைக்குப் போனாள். சிட்டம்மாள் பாய்ந்து குறுக்கே நின்றாள். "அடியே, பூஜையில வெச்சதைத் தொடாதே! நாளிக்கி காலைல கற்பூரம் காட்டிட்டுதான் எடுக்கணும்!"

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான், ரெண்டு வருஷம் நர்சிங் படித்தவள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், நாற்காலியில் இருந்தபடியே சொன்னேன்: "ஆமா செவ்வந்தி, சாமி குத்தம் வேணாம். நாளிக்கிப் பாத்துக்கலாம்." பூஜை நல்லதாகப் போயிற்று என்று மனசுக்குள் சந்தோஷம்கூட. ஒரு நாள் தள்ளிப்போட சாமியே சாட்சி.

"சாமி நாளிக்கும் இருக்கும்," என்றாள் செவ்வந்தி. "நீ இருப்பியா?"

மிஷினைத் தூக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலையைக் கழற்றி சிட்டம்மாள் கையில் கொடுத்தாள். என் கையில் சுற்றினாள். சந்தனம் ஈரமாக ஒட்டியது. பொத்தானை அழுத்தினாள். அது ஏறிக்கொண்டே போனது. 178/116.

"எழுது," என்று பேனாவை நீட்டினாள். நான் எழுதவில்லை. கை வரவில்லை. அவளே என் அட்டையைப் பிடுங்கி, எட்டாவது வரை படித்த குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள். அந்த அட்டையில் மூணு வாரமாக இருக்கிற எண்களில் அது ஒன்றுதான் நிஜம்.

பிறகு 108-க்குப் போன். எனக்குப் பாதி நினைவுதான், ஆனால் இது கேட்டது.

"பேஷண்ட் பேர் மஞ்சுளா சார். ஊர் நர்சா? மஞ்சுளாதான். அதான் சார், நர்சும் அந்தம்மாதான். நர்ஸாண்ட போனைக் குடுக்கணுமா? யோவ், அந்த நர்சுக்குத்தான்யா ஒடம்பு சரியில்ல, வண்டியை அனுப்பு!"

வண்டி வந்தது, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முகப்பில் சாமந்தி மாலையோடு. ஆயுத பூஜை எல்லாருக்கும்தானே. சிட்டம்மாள் அழுதுகொண்டே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். என் வளைகாப்பைக்கூட மறைத்து மறைத்துத் தள்ளிப்போட்டவள் நான். வாழைமரம் கட்டிய வண்டியில் சைரனோடு ஊர் பார்க்கப் போனேன்.

இடுப்பில் ரெண்டு பக்கமும் அந்த ஊசி போட்டார்கள், வலிப்பு வராமல் இருக்க. "கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாடி! கொஞ்சமா அது!

மூன்றாம் தேதி அறுத்து எடுத்தார்கள். பெண். 1 கிலோ 560. உயிரோடு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில். நான் இன்னும் பார்க்கவில்லை.

அக்டோபர் 6

தாமோதரன் பார்த்துவிட்டு வந்தார். "எலிக்குஞ்சு மாரி கீது மஞ்சு. ஆனா காலை ஒதைக்குது பாரு, அப்பா!" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெகுநேரம் திரும்பவே இல்லை.

நான் அழவில்லை. அழுதால் பி.பி. ஏறும்.

இல்லை, அழுதேன்.

அக்டோபர் 8, புதன்

செவ்வந்தி வந்தாள். மூன்று பஸ் மாறி, தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழோடு. "கொழந்தை பொறந்தா கூழ் குடிக்கணும்க்கா, பால் ஊறும்," என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள்.

காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

கூழ் கொட்டியது தெரியாமல் கத்தினேன். "சிஸ்டர்! இந்தப் பொண்ணுக்குக் கட்டிப் பாருங்க, ஒடனே!" தையல் இழுத்தது. சிஸ்டர் என்னை அடக்கப் பார்த்தார், விசிட்டருக்கெல்லாம் கட்ட முடியாது என்றார். நான் கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பயந்து கட்டினார். 162/108.

செவ்வந்திக்குச் சிரிப்பு. "கூழ் குடுக்க வந்தவளைப் புடிச்சி வெச்சிக்கிறீங்களே! மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவாங்க?" பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது, அதிலேயே சேர்த்துவிட்டார்கள்.

டாக்டரம்மா அவள் அட்டையைப் புரட்டினார். "நூத்திருவது எண்பது. நூத்திருவது எண்பது. நூத்திப்பதினெட்டு எழுபத்தெட்டு. இது எப்படிம்மா ஒரே வாரத்துல ஏறும்? யாரு உங்க ஊர் நர்ஸ்? கட்டிப் பாத்தாங்களா இல்லையா?"

என் கையெழுத்து. மூன்றடி தூரத்தில் அந்தம்மா கையில். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். பேசவில்லை. பேச வேண்டிய நேரம் அது, பேசவில்லை.

செவ்வந்தி என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தக்கா மேல தப்பு இல்ல டாக்டரம்மா. வூடு தேடி வந்து வந்து கூப்புடும். நான்தான் போகல. நான்தான் கையை நீட்டல."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு கேஸ் ஷீட்டில் எழுத ஆரம்பித்தார். தலைகீழாகவும் எனக்குப் படிக்கத் தெரியும் அந்த வரி. பாதி எழுதிவிட்டார்.

"எழுதாதீங்க மேடம்," என்றேன்.

"என்னம்மா?"

"அந்த நர்ஸ் நான்தான். அந்தப் பொண்ணு வந்துச்சு, கையை நீட்டுச்சு. நான் கட்டாமலே எழுதினேன். எனக்கும் அப்பிடித்தான் எழுதிக்கினேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார். "இன்னும் எத்தனை பேருக்கு?" என்றார்.

போனைக் கேட்டேன். டாக்டர் அரவிந்தனுக்குப் போட்டு, நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். கட்டாமல் எழுதியது இருபத்திரண்டு பேருக்கு. நாளைக்கே எல்லாருக்கும் கட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

"பைத்தியமாக்கா நீ? வேலை போயிடும்," என்றாள் செவ்வந்தி பக்கத்துக் கட்டிலிலிருந்து.

"வாயை மூடிக்கினு இடது பக்கமா படு," என்றேன்.

அக்டோபர் 10

இருபத்திரண்டில் ரெண்டு பேருக்கு ஏறியிருந்ததாம். ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டார்கள். ரெண்டு பேர்!

சாயங்காலம் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். பார்த்துவிட்டேன். மூக்கு அவருடையது. கோபம் என்னுடையது.

அக்டோபர் 29

வீட்டுக்கு வந்து நாலு நாள். 1 கிலோ 920. சட்டை இல்லாமல் நெஞ்சோடு வைத்துச் சூடு கொடுக்க வேண்டும். நான் சாப்பிடும்போது தாமோதரன் முறை. வேட்டியோடு கட்டிலில் சாய்ந்து, மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் கிடக்கிறார். நெல் வியாபாரி வந்தால்கூட எழுந்திருப்பதில்லை. ஊர்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இவரைப் பார்க்கத்தான் வருகிறார்களாம்.

செவ்வந்திக்கு இருபத்தேழாம் தேதி பிறந்துவிட்டது. பையன், 2 கிலோ 300. பி.பி. இன்னும் இறங்கவில்லை, மாத்திரை நிறுத்தவில்லை. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மெமோ வந்துவிட்டது. பரிசோதிக்காமலே பதிவேட்டில் எழுதிய குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பதினைந்து நாளில் பதில் சொல். லீலாவதி மேடமே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மறுத்து எழுதிடு மஞ்சுளா. மிஷின் ரிப்பேர்னு எழுது, நான் கையெழுத்துப் போடறேன்," என்றார். நல்ல மனசுதான். காபி போட்டுக் கொடுத்தேன்.

குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போது மற்றக் கையால் பதில் எழுதினேன். "குற்றச்சாட்டு உண்மை." தாமோதரன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆறு ஊருக்கு நீ ஒருத்தின்றதையாவது எழுதேன். அதுவும் உண்மைதானே?" யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். அதையும் எழுதினேன். எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை மிஷின் என்பதையும். கடிதம் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. வேலை இருக்கும், போகும். தெரியவில்லை.

மூடி வைத்துவிட்டு செவ்வந்திக்குப் போன் போட்டேன்.

"தலை வலிக்குதா?"

"லீவுலதானே கீறே நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தலை வலிக்குதா?"

அவள் பையன் சிணுங்குவது கேட்டது. "நேத்துலர்ந்து கொஞ்சம் வலிக்குதுக்கா," என்றாள்.

வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். தாமோதரன் லுங்கியை மாற்றிக்கொண்டிருக்கிறார். குழந்தை என் நெஞ்சோடு. எனக்கென்று வாங்கிய மிஷின் பையில் இருக்கிறது.